ஒன்பதில் நின்ற குமிழ்

எழுபதுகளில் குற்றாலத்தில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஒல்லியான ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த சின்னப் பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை. அவர் கழுத்தில் கெட்டியாகத் தட்டுப்பட்டதைச் சுளுக்கென்று நினைத்துக் கட்டைவிரலால் அழுத்தி நீவினேன்.

“விடும்வே! சுளுக்கு இல்ல. நெஞ்சுவலிக்கு நரம்புல கம்பி வச்சுத் தச்சிருக்கு. இந்தப் பெட்டிதான் ரேடியோ மாதிரி வெளியில இருந்தே அதுக்குக் கரண்டு குடுக்கும்.”

“கல்லு மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி?”

“வருசமாச்சுல்லா, கம்பியச் சுத்திச் சதை இறுகிட்டு. முன்னால ரெண்டுல வச்சா வலி நிக்கும். இப்ப எட்டுல வைக்கணும்.”

சொல்லும்போதே முகம் வெளுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெட்டியின் குமிழை எட்டுக்குத் திருப்பினார். வலி நிற்கவில்லை. ஒன்பதில்தான் மூச்சு வந்தது. பத்துக்கு மேல் அதில் எண் இல்லை.

குளிக்காமலே போய்விட்டார். எட்டை ஒன்பதாக்கியது இறுகிய சதையா, என் கட்டைவிரலா? இன்றுவரை யார் கழுத்தானாலும் உள்ளங்கையால்தான் தேய்க்கிறேன்.