வெள்ளை நாயின் ஞாயிற்றுக்கிழமை

என் 2008ஆம் வருட டைரியில், புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “கரண்ட் போன நேரத்தில் வெள்ளை, வைண்டிங் அக்காவைக் கடித்துவிட்டது. இடது கெண்டைக்கால். கடிக்கும் முன் குரைக்கவில்லை. காரணம் தெரியவில்லை.”

வெள்ளை என்பது எங்கள் கம்பெனி நாய். வைண்டிங் அக்கா, மிச்ச நூலைக் கோனில் திரும்பச் சுற்றும் வேலை பார்த்த பெண்மணி. சேவூர்ப் பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி வேனில் வருவார். நான் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். திருப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய நிட்டிங் கம்பெனி அது. ஒரே ஹாலில் வட்ட மெஷின்கள் வரிசையாக நிற்கும். நூல் உள்ளே போகும், பனியன் துணி உருளை உருளையாக வெளியே வரும். பகல், இரவு என இரண்டு ஷிப்டும் மெஷின் ஓடும். சனிக்கிழமை மாலை நின்றால் திங்கள் காலைதான் மறுபடி.

இந்தக் கடியை நான் டைரியோடு விடாததற்குக் காரணம், கடிபட்டவர் யார் என்பதுதான். தன் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் இட்லியை வெள்ளைக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர் அவர். கம்பெனியில் அந்த நாய் வாலை ஆட்டாத ஆட்களும் உண்டு. அக்காவைப் பார்த்து ஆட்டாத நாள் கிடையாது.

அந்த நாயைக் கொண்டுவந்தவர், மெஷின்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பிட்டர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, நூல் வரும் அட்டைப் பெட்டிக்குள் குட்டியை வைத்துப் பஸ்ஸில் தூக்கிவந்து முதலாளிக்குக் கொடுத்தார். “ராஜபாளையம் சார், ஒரிஜினல். மூக்கப் பாருங்க, ரோஸ் கலரு” என்று என்னிடம் குட்டியின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். வளர்ந்தபோது உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஹாலின் வெளிச்சுவரை ஒட்டிய சிமெண்ட் மேடைதான் அதன் இடம். பகலில் சங்கிலி, சனிக்கிழமை மாலை மெஷின் நின்று ஆட்கள் போனதும் அவிழ்த்துவிட்டுக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

அந்த வருடம் கரண்ட் கட் கடுமை. பெரிய கம்பெனிகளில் ஜெனரேட்டர் இருந்தது, எங்களிடம் இல்லை. கரண்ட் போனால் ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து நிழலில் உட்காருவார்கள். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். சும்மா கிடக்கிற நேரத்தில் நாயும் கொஞ்சம் நடக்கட்டும் என்று பிட்டர் அவிழ்த்துவிட்டிருக்கிறார். அக்கா டீ வாங்கப் போயிருந்தவர், தூக்குப்போசியோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். டீ முழுவதும் தரையில்.

மறுநாள் ஆபீஸ் அறையில் பஞ்சாயத்து. அக்கா கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். முதலாளி முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார். பத்து நாள் நாயைக் கட்டிப்போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் ஆஸ்பத்திரி டாக்டர். நாய் நன்றாக இருந்தால் அக்காவுக்குப் பயமில்லை. பத்து நாள் முடிந்ததும் கால்நடை டாக்டரை வரச்சொல்லி நாயை ஊசி போட்டுக் கொன்றுவிடுவது.

“ஏனுங்க, ஜாதியே அப்படிங்க. வேட்டைக்குன்னு வளத்துன நாயி. ரத்தத்துல இருக்கறது எங்க போகும்?” என்றார் முதலாளி, என்னைப் பார்த்து.

“அப்படிச் சொல்லாதீய முதலாளி” என்றார் பிட்டர். “எங்க பக்கம் வீட்டுக்கு வீடு நிக்கு. பச்சப்புள்ள வாலப் புடிச்சு இழுக்கும். திரும்பிக்கூடப் பாக்காது.”

“அந்தப் பச்சப்புள்ளயத் திரும்பிப் பாக்காம, என்னையப் பாத்துருச்சாட்ட இருக்குது” என்றார் அக்கா.

முதலாளி சிரிக்கவில்லை. “லேப்ரடார் ஒண்ணு வாங்கிப் போடலாம். சேவூர்ல எங்க மச்சான் கம்பெனில நிக்குது. வர்றவன் போறவனையெல்லாம் நக்குதுங்க, பாவம்.”

“திருடன் வந்தாலும் நக்கும் முதலாளி” என்று சொல்லிவிட்டுப் பிட்டர் வெளியே போய்விட்டார். அவர் முகம் சரியில்லை. அவிழ்த்துவிட்டது தன் கை என்பதை அவர் மறைக்கவில்லை, எல்லோரிடமும் சொன்னார். ஆனால் யாரும் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜபாளையம் என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

எனக்கு அந்தப் போதுமானது போதவில்லை. ஒரு ஜாதி நாய் இன்னொரு ஜாதியைவிட ஆபத்தானதா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன். ஒரு நூல் எந்த ஜாதியை மூர்க்கம் என்றதோ, அதையே இன்னொன்று விசுவாசம் என்றது. இரண்டும் சொன்ன லட்சணங்கள் ஒன்றேதான். இனி கம்பெனியிலேயே கேட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

ஒரு ஆபரேட்டர் தீர்மானமாகச் சொன்னார்: “புரட்டாசி சார். மொதலாளி ஊட்டுல கறி கிடையாது. எலும்பு வராம நாய்க்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு.” நல்ல காரணம்தான். விசாரித்தபோது, மாதம் பிறந்ததிலிருந்து பிட்டர் கறிக்கடையிலிருந்து எலும்பு வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் போட்டுவந்தது வெளிப்பட்டது. அந்தக் காரணம் அன்றோடு போயிற்று.

பிறகு கால்நடை டாக்டர் நாயைப் பார்க்க வந்தார். வாய், கண் எல்லாம் பார்த்துவிட்டு, இப்போதைக்கு நோய் எதுவும் தெரியவில்லை என்றார். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

“எந்த ஜாதி அதிகமாக் கடிக்குதுன்னு கேட்டீங்கன்னா, எந்த ஜாதிய அதிகமா வளத்தறாங்களோ அதுங்க” என்றார். “பொமரேனியன் கடிச்சதுக்கு நான் கட்டுப்போட்டது கொஞ்சமில்லீங்க. ஆனா அது கடிச்சா மஞ்சளத் தேச்சுக்கிட்டு உட்டுருவாங்க. இதாட்டப் பெரிய நாயி கடிச்சா காயமும் பெருசு, பேரும் பெருசு. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லமாட்டேன். பல்லு பெருசுதானே?”

சொல்லிக்கொண்டே நாயின் பின்னால் போய், திடீரென்று பலமாகக் கை தட்டினார். வெள்ளை திரும்பவில்லை. மறுபடி தட்டினார். அது தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

“செவிடுங்க. வெள்ளையா இருக்கற இந்த ஜாதில இது உண்டு. இத்தன வருசம் யாரும் பாக்கலீங்களா?”

மெஷின் சத்தத்தில் எல்லோரும் சைகையிலேயே பேசும் இடம் அது. அங்கே ஒரு நாய் செவிடென்று எப்படித் தெரியும்? பிட்டர் குனிந்து நாயின் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்போ ஒரிஜினல்தான் சார், பாத்தீயளா” என்றார். அவர் வருத்தத்தில் சொன்னாரா பெருமையில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பின்னால் வந்தவரைச் செவிட்டு நாய் திடுக்கிட்டுக் கடித்திருக்கலாம் என்றார் டாக்டர். அதை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “எதுக்கத்தானுங்க வந்துது. என்னைய நல்லாப் பாத்துக்கிட்டேதானுங்க வந்துது. தெரியாத ஆளப் பாக்கறாப்புல பாத்துதுங்க. அதுதான் எனக்கு வலிக்குது, காலு கெடக்குது.”

தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்ற சொல் எனக்குள் எதையோ கிளறியது. எங்கே, எப்போது என்று தெரியவில்லை.

அடுத்த தடவை கரண்ட் போனபோது நான் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. படுத்திருந்த வெள்ளை எழுந்தது. முதுகு மயிர் சிலிர்த்தது. சங்கிலி எட்டும் மட்டும் கேட்டுப் பக்கம் போய், கழுத்தை நீட்டி நின்றது. கரண்ட் வந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் மேடைக்குத் திரும்பிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

ஆட்கள் எழுந்து வெளியே வருவதைப் பார்த்து அது எழுகிறதோ என்று ஒரு சந்தேகம். அடுத்த கரண்ட் கட்டில், யாரும் இடத்தை விட்டு எழ வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். மின்விசிறி இல்லாத ஹாலில் அவர்கள் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க சார், ஒரு நாய்க்கோசரம் நாங்க வேகோணுமா?” என்று உள்ளிருந்து ஒரு குரல்.

“வெந்தா எலும்பு வெள்ளைக்குத்தான்” என்று இன்னொரு குரல்.

ஒருவரும் வெளியே வரவில்லை. அப்படியும் வெள்ளை எழுந்தது. கேட்டுப் பக்கம் போய் நின்றது.

காது கேட்காத நாய்க்கு மெஷின் நின்றது எப்படித் தெரிகிறது? மெஷின் ஓடும்போது அதன் மேடையில் நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். சுவரும் சிமெண்டும் ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கையை வைத்தால் முழங்கை வரை வந்தது. குட்டியாக வந்ததிலிருந்து அந்த அதிர்வின் மேல்தான் அது தூங்கியிருக்கிறது. அந்த வருடத்துக் கரண்ட் கட்டுகளுக்கு முன்பு, அது அறிந்தவரை மேடை அசையாமல் கிடந்தது வாரத்தில் ஒரே ஒரு சமயம்தான்.

அப்போது நினைவுக்கு வந்தது. முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கம்பெனிக்குப் போனேன். என்னிடம் இருந்த சாவியால் கேட்டைத் திறந்து ஓர் எட்டு வைப்பதற்குள், முந்தின நாள் மாலைகூட என்னிடம் வாலாட்டிய வெள்ளை எதிரே வந்து நின்றது. குரைக்கவில்லை. மேல் உதடு மட்டும் தூக்கியிருந்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து முதலாளி வந்துதான் அதைப் பிடித்தார். பிடித்தவருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, தினம் பாக்கற உங்களையே உடல! நாயின்னா இப்படி இருக்கோணுமுங்க” என்று அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார், உள்ளே போய் எலும்பு கொண்டுவந்து போட்டார்.

மெஷின் நின்றால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குள் வருகிறவர், முதலாளியைத் தவிர யாராக இருந்தாலும், திருடன். இதுதான் வெள்ளைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றியது. கரண்ட் கட்டைப் பற்றி அதற்கு யார் சொல்வது?

முதலாளியிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். கரண்ட் இருக்கும்போதே மெஷின்களை மொத்தமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் நாய் எழுந்தால் விஷயம் உறுதி. அவர் பதறிவிட்டார். “நடுவுல நிறுத்துனா துணில கோடு உழுந்துருமுங்க. கரண்டு போயி உழுகற கோட்டுக்கே சாயப்பட்டறைல இருந்து போன் போட்டுத் திட்டறாங்க. இதுல நாய்க்காக வேற நிறுத்தோணுமா?” அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

பத்து நாள் முடிந்த அன்று வெள்ளை நன்றாகவே இருந்தது. ஊசிக்கு டாக்டர் வருவதாக இருந்தது. பிட்டர் காலையிலிருந்து மெஷின் பக்கம் போகாமல் மேடையருகே நின்றுகொண்டிருந்தார். நான் ஆபீஸ் அறைக்குள் போய், என் மூக்குக் கண்ணாடி ஞாயிற்றுக்கிழமையை முதலாளிக்கு நினைவுபடுத்தினேன். மேடையின் அதிர்வையும், கரண்ட் கட்டுகளில் நான் பார்த்ததையும் சொன்னேன். அன்று வெள்ளை எலும்பு வாங்கிய அதே காரியத்துக்குத்தான் இன்று ஊசி வாங்கப்போகிறது என்றேன்.

அவர் கையிலிருந்த பேப்பர் வெயிட்டை ஓரமாக வைத்தார். பிறகு வைண்டிங் அக்காவைக் கூப்பிட்டு, “கடி பட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?” என்றார்.

அக்கா விந்தி விந்தி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஊசி எனக்குப் போட்டதே போதுமுங்க. அதுக்கு எதுக்குங்க? கரண்டு போனா அவுத்து உடாதீங்க, அவ்வளவுதான். அப்பறம் அந்த அண்ணன அக்கட்டால போயி வேலையப் பாக்கச் சொல்லுங்க. அழுதுருவாராட்ட இருக்குது.”

முதலாளி போனை எடுத்து டாக்டரை வர வேண்டாம் என்று சொன்னார். ஆனால், “என்ன இருந்தாலும் ஜாதி ஜாதிதானுங்க” என்று முனகிவிட்டுத்தான் வைத்தார்.

நான் என் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினேன்.  கரண்ட் கட்டில் யாரும் பிறகு சங்கிலியை அவிழ்க்கவில்லை. அடுத்த வருடம் தை பிறந்ததும் முதலாளி ஜெனரேட்டர் வாங்கினார், நாய்க்காக அல்ல, துணியில் விழுந்த கோடுகளுக்காக. அதற்குப் பிறகு வாரநாளில் மேடை அதிராமல் கிடந்ததே இல்லை. நான் அங்கிருந்தவரை வெள்ளை வேறு யாரையும் கடிக்கவில்லை. அது என் ஊகத்துக்குச் சாதகமான சாட்சி, நிரூபணம் ஆகாது. அக்கா இட்லி போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் போடுவதற்கு முன் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொள்வார்.

இரண்டு வருடம் கழித்து அக்கா வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சேவூரில் முதலாளியின் மச்சான் கம்பெனிக்கே மாறிப் போய்விட்டார். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். “சார், உங்களுக்கொரு சேதி. அந்த நக்கற நாயி இருக்குதுல்லீங்க, லேப்ரடாரு? அதும் கடிச்சுருச்சுங்க. நூல் வண்டிக்காரன. கேட்டுக்குள்ள காலு வச்சதும் புடிச்சுருச்சு.”

“அப்போ மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சுங்களா, நின்னிருந்துச்சுங்களா?” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க இதத்தான் கேப்பீங்கன்னு தெரியுமுங்க. அன்னிக்கு நான் லீவுங்க. கேட்டுச் சொல்றேன்.”

அங்கேயும் நாயை வார விடுமுறையில்தான் அவிழ்த்துவிடுவார்கள் என்பது மட்டும் அவர் சொல்லித் தெரியும். லேப்ரடார் கடித்ததை நான் வேறு யாரிடமும் கேட்டு உறுதிசெய்யவில்லை. அந்நேரம் அங்கே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தனவா என்பது இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.