பூஞ்சேரியில் லேமினேஷன் போட்ட கடிதம்

காலை 7.40க்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். மாமல்லபுரம் பக்கம் போகிறேன் என்றதும் எதிர்வீட்டுக்காரி, "கடற்கரைக் கோயில்ல போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். இந்தப் பயணத்தில் நான் கடலையே பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலை எதிர்பார்ப்பவர்கள் இத்துடன் இறங்கிக்கொள்ளலாம்.

நான் தேடிப் போனது ஒரு மனிதரை. பல வருடம் புகைபிடித்த, ஐம்பது வயது தாண்டியவர்களின் நுரையீரலை, தொந்தரவு தெரியும் முன்பே ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் அரசுத் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். படம் எடுப்பது எளிது. சந்தேகப் புள்ளி தெரிந்தவர்களைச் சொன்ன மாதத்தில் திரும்ப வரவழைப்பதுதான் பெரும்பாடு. அவர்கள் வராவிட்டால் முதல் படம் எடுத்ததே வீண்.

தணிகாசலம், வயது 56, கல் சிற்பத் தொழிலாளி, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி. போன சித்திரையில் அவர் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. மூன்று மாதத்தில் வரவேண்டியவர் மாசி பிறந்தும் வரவில்லை. எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'மூன்று முறை போனில் அழைத்தும் எடுக்கவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டோம். ஏன் எடுக்கவில்லை என்று யாராவது நேரில் போய்க் கேட்க வேண்டாமா என்று கூட்டத்தில் நான் கேட்டேன். கேட்டவளே போய் வா என்றார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

9.15. செங்கல்பட்டில் இரண்டு இட்லி, ஒரு வடை சாப்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் உட்கார்ந்தேன். சுமார் முப்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய். பூஞ்சேரியில் சிற்பப் பட்டறைக்கு எப்படிப் போவது என்று நடத்துநரிடம் விசாரித்தேன்.

"வழி இன்னாத்துக்கு மா? எறங்கி, சத்தம் வர்ற பக்கமா நடந்துகினே இரு" என்றார்.

10.50. அவர் சொன்னது சரிதான். கல் அறுக்கும் மிஷின்களின் இரைச்சல் சாலை வரை கேட்டது. கீற்றுக் கொட்டகைக்குள் ஐந்தாறு பேர், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அரைகுறையாக நின்ற ஒரு நந்தியின் கழுத்தில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் தணிகாசலம். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டி, ஒரு விரலை நீட்டினார். ஒரு மணிக்கு வா என்று அர்த்தம்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பதிவேட்டின் நகலைப் பிரித்தேன். நாங்கள் அழைத்த மூன்று முறையும் காலை பதினொரு மணி. இங்கே மிஷின் நிற்கும் ஒரு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறப்போம். பத்து மாதத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

1.00. இரைச்சல் நின்றது. தணிகாசலத்தின் மனைவி மல்லிகா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது.

"ஸ்கேன் எடுத்தவங்களா? வா மா, வா. நம்ம சர்டிபிகேட்டப் பாத்தியா?"

கொட்டகைத் தூணில், காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கியது எங்கள் கடிதம். பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தார்கள். முதல் வரி: 'பயப்பட வேண்டாம். இப்போது புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.' அந்த வரியை எழுதியது நான். படிப்பவர் நெஞ்சு பதறக் கூடாது என்று நாலு நாள் யோசித்து எழுதினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. புள்ளியைப் பற்றியும் மூன்று மாதத்தைப் பற்றியும் இரண்டாம் தாளில் இருந்தது.

"இன்னொரு தாள் இருக்குமே?" என்றேன்.

"அதுவும் உள்ளதான் கீது மேடம்" என்றார் மல்லிகா. "ஒத்தத் தாளு தொளதொளன்னு கீதுன்னு, கடைக்காரரு அதையும் பின்னால வெச்சிப் போட்டுட்டாரு."

திருப்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளை. எழுத்து உள்பக்கமாக ஒட்டியிருந்தது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, 'மூன்று மாதத்தில்' என்பது இடவலம் மாறி மங்கலாகத் தெரிந்தது.

"பீடிய வுடுன்னு யாரு சொன்னாலும் இத்தத்தான் காட்டறாரு" என்றார் மல்லிகா. தணிகாசலம் சிரித்தார். "கவர்மென்டே பயப்படாதேன்றான், உனக்கு இன்னா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே இருப்பதை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். தணிகாசலம் பற்றவைக்காத பீடியை விரலிடுக்கில் வைத்தபடியே கேட்டார்.

"இந்த நந்தி வெள்ளிக்கெழம லாரி ஏறணும். சனிக்கெழம வரேனே" என்றார் கடைசியில்.

மல்லிகா தூக்குச்சட்டியை மூடினார். "நந்தி ஒக்காந்துகினுதான் இருக்கும். நீ எழுந்திரு."

3.45. செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். ஐந்து மணிக்கு டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டினார். புள்ளி வளர்ந்திருந்தது. எனக்கே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"வேற எங்கயும் பரவின மாதிரி தெரியலை. இன்னும் சில டெஸ்ட் எடுத்துட்டு, ஆபரேஷன் பண்ண முடியும்னு நெனைக்கிறேன்" என்றார் டாக்டர். "அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

மல்லிகா தணிகாசலத்தின் சட்டைக் காலரில் இருந்த கல்தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

6.10. ரயிலுக்கு அரை மணி இருந்தது. வழியனுப்ப வந்த இருவரும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சொல்லாமல் கிளம்ப மனம் வரவில்லை.

"அந்தப் பயப்பட வேண்டாம்ங்கிறத எழுதினது நான்தான்."

தணிகாசலம் தண்டவாளத்தைப் பார்த்தார். மல்லிகா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நல்லதுக்குத்தான் எழுதிகீற. அனுப்பறதுக்கு முந்தி எங்கள மாதிரி ஒருத்தருக்குப் படிச்சிக் காட்டியிருந்தா இன்னா?"

நோட்டை எடுத்து அங்கேயே புதிதாக எழுதி வாசித்துக் காட்டினேன்: 'மூன்று மாதத்தில் மீண்டும் ஸ்கேன் எடுக்க அவசியம் வரவும்.'

"அவசியம் வரவும்னு கல்யாணப் பத்திரிகையிலகூடத்தான் போடறாங்க. எல்லாத்துக்குமா போறோம்?" என்றார் மல்லிகா.

"அப்ப எப்படிப் போடலாம்?"

மல்லிகா நோட்டின் மேல் விரலை வைத்தார். ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"'நீ வரலன்னா, நாங்க உன் வூட்டுக்கு வருவோம்'னு போடு."

எழுதிக்கொண்டு ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் தாண்டும்போதுதான் உறைத்தது, எழுதினால் மட்டும் போதாது, போகவும் வேண்டும். பையிலிருந்து பதிவேட்டின் நகலை எடுத்து, 'எடுக்கவில்லை' என்று மூடிய மற்ற பெயர்களை முகவரியோடு எழுதத் தொடங்கினேன். தாம்பரம் வந்தபோதும் எழுதி முடியவில்லை.