பிசிறு இல்லாத ஆல்பம்

ஒலிப்பதிவாளருக்குப் பாம்புச் செவி. அதுதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. வெயில் தணிந்த மாலைகளில் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கென்று ஒரு மெதுவான இசை ஆல்பத்தை, கோடை முழுக்க மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வீட்டு அறையிலேயே பதிவு செய்தார். நடுவில் மனைவி இருமிக்கொண்டே கதவைத் திறப்பாள்.

"காபி ஆறிப்போகுது, வாங்களேன்."

"சத்தம் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று எரிந்து விழுவார். பிறகு அவள் குரலையும் இருமலையும் ஒன்று விடாமல் வெட்டி எறிவார். அந்தச் செவிக்கு அது நோயாகக் கேட்கவே இல்லை.

கோடை முடிந்த கையோடு அந்த இருமல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இன்று ஆல்பம் வெளியானது. "ஒரு பிசிறு இல்லண்ணே!" என்று கிடார் வாசித்தவன் போனில் குதிக்கிறான். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறார். எங்காவது இருமல் ஒன்றாவது தப்பியிருக்காதா?