சம்பந்திகளும் சூடேறிய சேர்வரும்

பெல்மதுளையில் இருக்கும் எங்கள் தோட்டக் கம்பெனியின் பிராந்தியக் காரியாலயத்தில் ஏசி போட்ட ஒரே அறை சேர்வருக்குத்தான். அதற்கு வேர்க்கக் கூடாது; எனக்கு வேர்க்கலாம். இந்த நீதியை ஏற்றுக்கொண்டு பல வருடங்களாக அதைப் பராமரித்து வருகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் அனைத்தின் கொழுந்து நிறை, தேயிலைக் கையிருப்பு, லொறிக்கான பத்திரம் எல்லாம் அந்த ஒரே பெட்டியின் டேட்டாபேஸில்தான் கிடக்கின்றன.

அன்று காலை றக்வானப் பக்கத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா போன் எடுத்தார்.

“தம்பி, ஒங்க பெட்டி தூங்குதுங்களா? லொறியில ஏத்தியாச்சு. டிஸ்பேட்ச் நோட் வரமாட்டேங்குது.”

நோட் இல்லாமல் லொறி வாசலைத் தாண்டாது. கொழும்புக் களஞ்சியம் மத்தியானம் மூடிவிடும்; அதற்குள் இறக்காவிட்டால், தேயிலை இந்த ஏலத்தைத் தவறவிடும். மழை விட்ட நல்ல வாரத்தில், ரோலர் பக்கத்திலேயே நின்று அவர் செய்வித்த தேயிலை அது. ஒவ்வொரு சாக்கையும் தடவிக் கொடுத்து ஏற்றியிருப்பார்.

பெட்டி தூங்கவில்லை. புரொசெசர் நூற்றுக்கு நூறில் நின்றது. என் படிப்புக் காலம் முழுவதும் நான் எட்டாத புள்ளி.

முதலில் வைரஸ் பிடிக்கும் மென்பொருளைச் சந்தேகித்தேன். அது சும்மா இருந்தது. இரவில் டேட்டாவுக்குப் பிரதி எடுக்கும் வேலையோ விடியுமுன்பே முடிந்திருந்தது. அறிவு தீர்ந்த இடத்தில் என் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: சேர்வரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். புரொசெசர் பணிவாக இறங்கியது. என் பால் விடாத பிளேன்டி ஆறுவதற்குள் மறுபடி உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்த நிமிடத்தில் டேட்டாபேஸிடம் யார் யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். திரை முழுக்க ஒரே கேள்வி: இன்று எந்தத் தோட்டத்தில் எவ்வளவு கொழுந்து?

தோட்டங்களுக்குள் ஆரோக்கியமான போட்டி வேண்டும் என்று தலைமைக் காரியாலயம் ஆசைப்பட்டுச் செய்வித்த பக்கம் அது. இன்றைய நிறையைச் சொல்ல, பல வருடக் கொழுந்தையும் கொட்டிக் கிளறும். பதில் வருமுன் மறுபடி அழுத்தினால் பழைய தேடலும் நிற்காது, புதியதும் சேர்ந்துகொள்ளும். கேள்விகள் இரண்டே இடங்களிலிருந்து வந்தன. ஒன்று கொடகவெலத் தொழிற்சாலை. மற்றது, லொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்த அதே றக்வான.

இரண்டு டீமேக்கர்களும் சம்பந்திகள். றக்வானக்காரரின் மகள் கொடகவெலக்காரரின் மருமகள். அதிலிருந்து, கொழுந்தில் யார் முந்துகிறார் என்பது குடும்ப கௌரவமாகிவிட்டது.

“ஐயா, கொழுந்துப் பக்கத்தத் தொறந்து வச்சிருக்கீங்களா?”

“சும்மா பாக்கறதுதான் தம்பி.”

“எத்தன தடவ அமத்துனீங்க?”

“வரலேன்னா அமத்தத்தானே வேணும்?”

“அதாலதாங்க ஒங்க நோட்டே வரல. அத மூடிருங்க.”

பின்னால், கிளம்பலாமா என்று சிங்களத்தில் கேட்கும் லொறிச் சாரதியின் குரல். “மாத்தயா, தென் யமுத?”

“பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன,” என்று அவனைப் பொறுக்கச் சொன்ன ஐயா, என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “சம்பந்தி மூடிட்டாருங்களா?”

கொடகவெலவுக்குப் போன் அடித்தேன். “மூடறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றார் அவர், மிகுந்த பெருந்தன்மையோடு. “ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல மூடட்டும். அதுதானேங்க மொற?”

இரண்டு பேரின் தேடல்களையும் நானே வெட்டிவிட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் இருவரும் மறுபடி உள்ளே. டேட்டாபேஸைப் பற்றி நான் வாசித்த தடித்த புத்தகங்கள் எதிலும் சம்பந்திகளுக்கு ஓர் அத்தியாயம் இல்லை.

கடைசியில் அந்தப் பக்கத்தை எல்லோருக்குமாகப் பூட்டி, மிச்சத் தேடல்களையும் வெட்டினேன். பிறகு றக்வானவுக்குப் பேசினேன்.

“ஐயா, இனி ஒங்களுக்குக் கொழுந்துக் கணக்குத் தெரியாதுங்க.”

“சம்பந்திக்கு?”

“அவருக்குந்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமாங்க.”

ஒரு பெருமூச்சு கேட்டது. புரொசெசரும் அதே வேளையில்தான் இறங்கியது. பழைய வருடங்களைக் கிளறாமல் தேதியைக் கொண்டு தேட ஓர் இன்டெக்ஸ் போட நான் உட்கார்ந்தபோது, மறுமுனையில் பிரிண்டர் கரகரத்தது. அதன்பின் லொறி உறுமிக் கிளம்பும் சத்தம்.

“போயிருச்சு தம்பி. நேரத்துக்குப் போயிரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “கொடகவெல லொறி கெளம்பிருச்சுங்களா?”

பார்த்தேன். “இன்னும் நோட் எடுக்கலீங்க.”

“பாவம்,” என்றார். அந்தச் சொல்லை அத்தனை சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.