நடு நாற்காலியும் நாலு சப்-வூஃபரும்

1. பெட்டி வந்த நாள்

சப்-வூஃபர் பெட்டிகள் நான்கும் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கிய அன்று, கடை முதலாளி அண்ணாச்சி முதலில் அவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார்.

"ஏடே ஸ்டீபா, இது வெளையாட்டு இல்ல, கேட்டியா. இத வச்சு ஒழுங்கா பரிபாடி ஓட்டினா மிக்சர்ல நீ இரு. சொதப்பினேன்னு வையி, பழையபடி கோளாம்பி கட்டப் போயிரணும்."

திருவனந்தபுரத்தில் நிகழ்ச்சிக்குப் பரிபாடி என்றும், குழாய் ஸ்பீக்கருக்குக் கோளாம்பி என்றும் பெயர். பதினோரு வருடம் நான் கட்டியது அதைத்தான். பழவங்காடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் கடையிலிருந்து கோளாம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், எந்த உற்சவம் என்றாலும் அங்குள்ள தென்னையில் ஏறிக் கட்டுவேன். இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகுதான் சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் யோகம் வந்தது. மார்த்தாண்டத்தில் என் மனைவி, "அவியளுக்கு இப்ப நாற்காலில இருந்து செய்யுத வேலையாக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த நாற்காலியை இழக்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. கழக்கூட்டம் பக்கம் ஐடி ஆட்கள் வாடகைக்கு வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டு காதில் கேட்டால் போதாது, வயிற்றிலும் கேட்க வேண்டும்.

சிஸ்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மிக்சரிலிருந்து வரும் சவுண்டைக் கிராஸ்ஓவர் என்கிற பெட்டி இரண்டாகப் பிரிக்கும். டிரம், பேஸ் கிட்டார் மாதிரி அடிச் சத்தமெல்லாம் ஒரு ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், வழியாகச் சப்-வூஃபருக்குப் போகும். பேச்சும் பாட்டும் மற்றதும் இன்னொரு ஆம்ப் வழியாக மேலே இருக்கும் டாப் பெட்டிக்குப் போகும். எந்த இடத்தில் பிரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு. நான் தொண்ணூறு ஹெர்ட்ஸில் வைத்தேன். ஏன் தொண்ணூறு என்று கேட்டால், பெட்டியைப் பிரித்தபோது திருகு அங்கேதான் நின்றது.

2. இரண்டு எஜமானர்கள்

முதல் பெரிய வேலை கழக்கூட்டத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஓணக் கொண்டாட்டம். சங்கத்தின் பிரசிடென்ட் பாஸ்கரன் சார், ஓய்வுபெற்ற எஞ்சினியர், பைபாஸ் ஆபரேஷன் முடிந்தவர். முந்தின வருடம் வேறு யாரோ போட்ட சவுண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்த பெருமை அவருக்கு உண்டு. தமிழர்களிடம் பாதித் தமிழில் பேசுவார்.

"பேச்சு கேட்கணும், பாட்டு கேட்கணும். பக்ஷே என் நெஞ்சில ஒரு இடி வந்தா மதி, அப்பவே பரிபாடி நிறுத்தும்" என்றார். பக்ஷே என்றால் ஆனால், மதி என்றால் போதும்.

அவர் அந்தப் பக்கம் போனதும் செக்ரட்டரி பிஜு வந்தான். ஐடி கம்பெனிக்காரன். டான்ஸ் புரோகிராம் முழுக்க அவன் பொறுப்பு.

"சேட்டா, இடி வேணும் கேட்டோ. தரை அதிரணும். இல்லெங்கில் அடுத்த வருஷம் கொச்சியில இருந்து செட்டு வரும்."

அண்ணாச்சி இருவரிடமும் "அது ஏற்றாச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இடி வேண்டும், இடி வேண்டாம் என்ற இரண்டையும் ஒரே மைதானத்தில் ஒரே மாலையில் நிறைவேற்றும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மிக்சரைக் கூட்டத்துக்கு நடுவில் போட்டால்தான் ஜனங்களுக்கு என்ன கேட்கிறது என்று நமக்கும் கேட்கும். ஆனால் எங்கள் ஊர் கமிட்டிகள் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார்கள். மேசை மறைக்கும், வயர் தடுக்கும், போட்டோவில் அசிங்கமாக விழும். அதனால் மேடைக்கு இடது ஓரம், இடது பக்கத்துப் பெட்டிகளின் முதுகுப் புறமாக எனக்கு இடம் கொடுத்தார்கள். ஆம்பும் அங்கேயே இருந்தது. அங்கிருந்து வலது பக்கத்துப் பெட்டிக்கு மேடையைச் சுற்றி வயர் போக வேண்டும். இருபதடி குறைந்தது.

அண்ணாச்சி எங்கேயோ வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டைக் கொண்டுவந்தார். எங்கள் வயர் சிவப்பும் கறுப்பும். அந்தத் துண்டு பிரவுனும் நீலமும். எதை எதோடு முறுக்குவது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிரவுன்தானே கறுப்புக்குக் கிட்டே வரும் நிறம் என்று ஒரு முனையில் கறுப்போடு பிரவுனை முறுக்கினேன். பெட்டி முனையில் மாட்டும்போது, பிரவுன்தானே சிவப்புக்குக் கிட்டே வரும் நிறம் என்று தோன்றி, சிவப்பு இடத்தில் பிரவுனை மாட்டிவிட்டேன். இரண்டு முடிவும் பத்து நிமிட இடைவெளியில் ஒரே மண்டை எடுத்தவை.

செக்கிங் எங்கள் வழக்கப்படி நடந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு சப்-வூஃபரிலும் முன்னும் பின்னும் அதிரும் கூம்பான கோனில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எல்லாம் அடிக்குது. தொடங்குடே" என்றார்.

3. பொன்னாடை

மாலையில் டான்ஸ் தொடங்கியது. இடது பக்கம் பிஜுவின் ஆட்கள் குதித்தார்கள். வலது பக்கமும் குதித்தார்கள். என் மேசை மேலிருந்த டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. நான் பாஸ்கரன் சாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசையில் நடு நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, மடியில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காது மந்தமோ என்றுகூட நினைத்தேன்.

முடிவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "இதாண் ஸயன்டிஃபிக் சவுண்ட். கூட்டம் ஆடுது, நெஞ்சில ஒரு இடியும் இல்ல. எஞ்சினியரான எனக்கு இது அறியும்" என்று மைக்கில் சொன்னார். பிஜு கீழேயிருந்து விசிலடித்தான். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆற்றிங்கலிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் சவுண்ட்காரர்கள் ரகசியம் கேட்டு வந்தார்கள். நான் கண்ணை லேசாக மூடிக்கொண்டு, "கிராஸ்ஓவர்ல தொண்ணூறு. தொண்ணூறுக்க மேல போவப்பிடாது, கீழயும் வரப்பிடாது" என்று உபதேசம் செய்தேன். ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஒட்டுப் போட்ட அந்த வயரையும் பத்திரமாகச் சுருட்டி, 'ரைட் சப்' என்று டேப் ஒட்டி, ஒரு வருடம் போகிற இடமெல்லாம் கொண்டுபோனேன்.

4. டார்ச் லைட் பேட்டரி

அடுத்த ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு காலேஜ் விழா. சென்னையிலிருந்து வந்த மியூசிக் பேண்டு தன் சவுண்ட் ஆளையும் கூட்டி வந்திருந்தது. அந்த ஆள் மிக்சரைக் கூட்டத்துக்கு நடுவில் போட்டால்தான் தொடுவேன் என்று ஒரே பிடியாக நின்றார். போட்டோம். டிரம்மர் கால் டிரம்மான கிக்கை அடித்தார். சென்னைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கிக் எங்க?"

"வருதே சார். கோன் அடிக்குதுல்லா?"

அவர் எழுந்து நடந்தார். இடது ஓரம் போய் நின்றார், வலது ஓரம் போய் நின்றார், திரும்ப நடுவுக்கு வந்தார். என்னையும் அதேபோல் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஓரத்தில் வயிறு அதிர்ந்தது. நடுவில் வந்தால் கிக் சத்தம் தகரத்தைத் தட்டுவது போல இருந்தது.

"ஒரு சைடு உல்டாவா மாட்டியிருக்கீங்கண்ணே. இந்தப் பக்கத்துக் கோன் வெளிய தள்ளும்போது அந்தப் பக்கத்துக் கோன் உள்ள இழுக்குது. நடுவுல வந்து ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுது."

என் டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி, வயரை ஆம்பிலிருந்து எடுத்து, சிவப்பில் பிளஸ்ஸையும் கறுப்பில் மைனஸையும் தொட்டுக் காட்டினார். இடது கோன் வெளியே துள்ளியது. வலது கோன் உள்ளே போனது. வயரை மாற்றிப் போட்டு ஆம்பை ஆன் செய்ததும், நடுவில் நின்ற என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. அவர் கேலி ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை. பொன்னாடையும் தொண்ணூறும் ஞாபகம் வந்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

5. சரியாகச் செய்த வருடம்

மறுபடி கழக்கூட்டம், அதே மைதானம், அதே எஜமானர்கள். இந்தத் தடவை வயரை வெட்டியெறிந்து புதிதாகப் போட்டேன். நான்கு பெட்டியையும் பேட்டரி வைத்துப் பார்த்தேன். ஒரு வருடம் தப்பாகச் செய்து வாங்கிய பெயருக்கு இந்த வருடம் சரியாகச் செய்து தகுதி பெற வேண்டும் என்ற ரோஷம். சரியாக மாட்டினால் பேஸ் மற்ற எல்லா இடத்தையும்விட நடுவில்தான் அதிகம் குவியும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே யார் உட்காருவார் என்பதும் தெரியும். ரோஷம் வந்தவனுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது.

முதல் பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பாஸ்கரன் சார் நெஞ்சில் கைவைத்து எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. நேரே மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். பிறகு, ஐயோ அவர் செத்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். பேஸை முழுக்க இறக்கிவிட்டு ஓடிப்போய் வழியில் மறித்தேன்.

"சார், ஒரு நிமிஷம். இது பெட்டிக்க குற்றமில்ல. எனக்க குற்றமாக்கும்."

"எந்து குற்றம்?"

"போன வருஷம் வலது பக்கத்து வயரை நான் தலைகீழா மாட்டிட்டேன் சார். அதான் நடுவில இடி இல்லாம போச்சு. எனக்க சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் செரியா மாட்டியிருக்கேன். சார் பின்வரிசையில போய் இருந்தா இவ்வளவு அடிக்காது."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார்.

"பிரசிடென்ட் பின்வரிசையிலயோ?" என்றார்.

நெஞ்சு வேறு, பதவி வேறு. கொஞ்ச நேரம் எஞ்சினியராக யோசித்தார். பாட்டை நிறுத்திவிட்டு மேடையில் வரவேற்புரையைத் தொடங்கியிருந்தார்கள்.

"போன வருஷத்த தெற்று இப்போ செய்ய முடியுமோ?"

"முடியும் சார். பேச்சு தீரும்முன்ன முடியும்."

"அப்போ அந்தத் தெற்று மதி. செய்."

தப்பைத்தான் மலையாளத்தில் தெற்று என்பார்கள். சப்-வூஃபர் ஆம்பை மட்டும் அணைத்து, வலது பக்கத்து வயரை மாற்றி மாட்டி, வரவேற்புரை முடிவதற்குள் திரும்பி வந்து பேஸை மறுபடி ஏற்றினேன். டான்ஸ் தொடர்ந்தது. இரண்டு ஓரமும் குதித்தது. நடு நாற்காலியில் விரல் தாளம் தட்டியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. நான் பேசியது அத்தனையையும் அண்ணாச்சி பின்னால் நின்று கேட்டிருந்தார்.

6. மரத்தின் மேல்

மறுநாள் கடையில் அவர் குதித்த குதிக்குச் சப்-வூஃபர் தேவைப்படவில்லை.

"கஸ்டமர்ட்ட போயி நம்ம குற்றமாக்கும்னு சொல்லுவியாடே? பொன்னாடை போட்ட மனுசன்ட்ட! வோல்டேஜ் கொறவுன்னு சொல்லப்பிடாதா? ஜெனரேட்டர் செரியில்லன்னு சொல்லப்பிடாதா? காத்துன்னு சொன்னாகூட மனுசன் நம்புவானேடே!"

ஒரு வருடம் தப்பாக மாட்டியதற்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைச் சொன்னதற்குத்தான் கோபம். தன் மருமகனை மிக்சரில் உட்கார வைத்தார். நான் முழங்கால் வலியோடு கோளாம்பிக்குத் திரும்பினேன். தென்னை மேலிருந்து பார்த்தால் ஊர் அழகாகத்தான் இருக்கும். எனக்கு எதுவும் அழகாகத் தெரியவில்லை. உண்மை சொன்ன வாயை நானே பலநாள் திட்டினேன். மனைவியிடம் சொல்லவும் இல்லை.

அடுத்த ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாஸ்கரன் சார் கடைக்கே வந்தாராம். அங்கே நடந்ததை மருமகனே பிறகு என்னிடம் சொன்னார்.

"இந்த வருஷம் தெற்று எந்தப் பெட்டியில?" என்று சார் கேட்டிருக்கிறார்.

மருமகனுக்கு விஷயம் தெரியாது. "நம்ம செட்டில தெற்றே வராது சார். எல்லாம் பெர்ஃபெக்ட்" என்று சொல்லியிருக்கிறார்.

பாஸ்கரன் சார் அண்ணாச்சி பக்கம் திரும்பி, "எல்லாம் பெர்ஃபெக்ட்னு சொல்ற ஆள் என் நெஞ்சுக்கு ஆபத்து. தெற்று எந்தப் பெட்டியில உண்டுன்னு அறியுற ஒரு ஆள் இருந்தானே, அவனை அனுப்பணும். இல்லெங்கில் பரிபாடி வேண்டா" என்றாராம்.

அன்று மாலை நான் ஒரு கோயில் வளாகத்தில் தென்னையின் பாதி உயரத்தில் இருந்தேன். கீழே அண்ணாச்சி வந்து நின்றார். கொஞ்ச நேரம் மட்டையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"எறங்கி வாடே" என்றார்.

அதற்குப் பின் பத்துப் பதினைந்து வருடம் மிக்சரில்தான் இருந்தேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும். தொடங்குமுன் நடு நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள், அங்கே யார் உட்காரப் போகிறார் என்றும் கேளுங்கள். தப்பு நேர்ந்தால் வோல்டேஜ் மேல் பழி போடாதீர்கள். உண்மையைச் சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வார்த்தைக்காக என்னை மரத்தில் ஏற்றினார்களோ, அதே வார்த்தைக்காக இறக்கிக் கூட்டிப் போக ஒரு வருடம் ஆனது.