துண்டுக்கு அடியில் சயாம்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதை இருக்காது. என் தாத்தா ஒரு மாபெரும் ஒற்றர் என்று ஐம்பத்து நான்கு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் அட்டை நகல் எடுக்க வந்தவர்களெல்லாம் தாத்தாவின் வீரக்கதையையும் இலவசமாக வாங்கிப் போனார்கள்.

கதை இதுதான். தாத்தா பினாங்கில் மாட்டு வியாபாரி. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், இப்போது சொங்க்லா என்கிறார்களே, அந்தச் சிங்கோராவில் மாடு வாங்கிப் பினாங்குக்கு ஓட்டி வருவார். இரண்டாம் உலக யுத்தம் இந்தப் பக்கம் வருவதற்கு முன் சயாம் எந்தப் பக்கமும் சேராத நாடு. அதனாலேயே எல்லாப் பக்கத்து ஆட்களும் அங்கே இருந்தார்கள். சுரங்கக் கணக்கன் என்ற பெயரில் ஒரு வெள்ளைக்காரன், போட்டோ ஸ்டூடியோ வைத்துக்கொண்டு ஒரு ஜப்பான்காரன். ரயிலில் எத்தனை பெட்டி வந்தது, எல்லைப் பாதையில் எத்தனை லாரி போனது என்று இருவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. தாத்தா இருவருக்கும் சொன்னார். அதுவும் நடுச்சந்தையில், நூறு பேர் பார்க்க, துண்டுக்கு அடியில்.

மாட்டுச் சந்தைக்குப் போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருவர் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார்கள். ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து. சொல்கிறவன் எப்போதும் ஏற்றித்தான் சொல்வான். கேட்கிறவன் பாதியாக மடக்கித் திருப்பி அழுத்துவான். எங்கள் குடும்பத்தில் இது ரத்தத்தில் ஊறியது. என் கல்யாணப் பேச்சில் அப்பா என் சம்பளத்தை இரண்டு மடங்காக்கிச் சொன்னார். மாமனார் மனதுக்குள் பாதியாக மடக்கிக்கொண்டார். உண்மை நிலைநாட்டப்பட்டது.

தாத்தா ஊர் திரும்பியபோது கொண்டு வந்த துண்டு எங்கள் பீரோவில் இருந்தது. அதைப் படம் பிடித்து, 'இரண்டு சாம்ராஜ்யங்களை ஆட்டிவைத்த துண்டு' என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு மலேசிய எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது: 'உங்கள் தாத்தாவை எங்களுக்குத் தெரியும். அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். நேரில் பேச வேண்டும்.' பெயர் இல்லை. பினாங்கு டத்தோ கிராமாட்டில் ஒரு முகவரி மட்டும்.

"கிட்னி எடுக்குற கும்பலா இருக்கும்" என்றாள் மனைவி. "என் கிட்னிக்கு யாரு விமான டிக்கெட் செலவழிப்பான்? பழைய ரகசியக் கோப்பைத் திறந்திருக்காங்க. பதக்கம் குடுப்பாங்க" என்றேன். டிக்கெட்டை என் காசில்தான் போட்டேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

செவ்வாய், காலை 7.40. பினாங்கு விமான நிலையம். சுங்க அதிகாரி என் பையைத் திறந்து, பாலித்தீன் உறையிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். இவருக்கும் தெரியும், மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவர் துண்டை முகர்ந்து பார்த்தார், அந்துருண்டை வாசனைக்குத் தும்மினார், திருப்பித் தந்துவிட்டார்.

காலை 8.25. ஜார்ஜ் டவுனுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், செயலியில் பிடித்த காருக்கு முப்பத்திரண்டு மலேசிய வெள்ளி. ஓட்டுநர் குமரன் தமிழர், நாற்பது வயதிருக்கும். பின்னால் ஒரு வெள்ளைக் கார் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"தம்பி, கொஞ்சம் சுத்திப் போக முடியுமா?"

"என்னா அண்ணே, சுத்தினா எனக்குத்தான் நஷ்டம் லா. காசு முன்னாடியே ஃபிக்ஸ்."

"அந்த வெள்ளைக் காரு நம்ம பின்னாடியே வருது."

கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "காலையில இந்த ரோட்டுல எல்லாக் காடியும் நம்ம பின்னாடிதான் வரும். ஃபேக்டரி ஜாம். இந்தப் பக்கம் அமெரிக்காக்காரன் ஃபேக்டரி, தாண்டிப் போனா சீனாக்காரன் ஃபேக்டரி. என் வீட்டுக்காரி இங்க, மச்சான் அங்க. ரெண்டு பேரு சம்பளமும் ஒரே சட்டியிலதான் வேவுது." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "என்னாண்ணே இப்படி வேர்க்குது? ஏர்கான் கூட்டவா?"

காலை 9.15. டத்தோ கிராமாட். வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிய ஒரு வீடு. கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரிகளை எதிர்பார்த்த எனக்குக் கதவு திறந்தவர் பூப்போட்ட கவுன் அணிந்த ஒரு பெண்மணி. பெயர் பார்வதி, வயது அறுபத்தொன்று, புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் அனுப்பியது அவர்தான்.

"பேரு போடலியே அக்கா. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"பேரைப் போட்டா மட்டும் உங்களுக்கு எங்களத் தெரியுமா?" என்று மைலோ கலக்கி வைத்தார். சிரிக்கவில்லை.

சக்கர நாற்காலியில் அவருடைய அம்மா செல்லம்மா. எண்பத்தாறு வயது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல இரண்டு ஜோக் அடித்தேன். இரண்டும் தரையில் விழுந்து அங்கேயே கிடந்தன.

பார்வதி அக்கா உட்கார்ந்தார். "உங்க தாத்தாவுக்குச் சயாம்லேருந்து மாடு ஓட்டிக்கிட்டு வந்த ஆளுங்க ஆறு பேரு. அதுல ஒருத்தரு எங்க அம்மாவோட அப்பா. ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த கொஞ்ச நாள்ல ஆறு பேரையும் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான். அம்மாவுக்கு அப்போ ரெண்டு வயசு."

"திரும்பி வரலியா?"

"வந்திருந்தா உங்கள எதுக்குக் கூப்புடுறேன்?"

செல்லம்மா அப்போதுதான் வாய் திறந்தார். குரல் மெல்லியது, ஆனால் தடுமாறவில்லை. "தம்பி, எங்க கொண்டுட்டுப் போனாங்கன்னு உங்க தாத்தா ஊர்ல சொன்னாரா? என்னா நாளு? நாளு தெரியாம அமாவாசைக்கு அமாவாசை எள்ளுத் தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்கோம். எடம் தெரிஞ்சாக்கூடப் போதும். இவ என்னைக் கூட்டிட்டுப் போவா, ஒரு சூடம் ஏத்திட்டு வந்துருவேன்."

இதைக் கேட்கத்தான் என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருக்கிறார்கள். அந்தக் கிழவியின் மிச்ச ஆயுளுக்கு வேண்டியது ஒரு தேதி, இல்லாவிட்டால் ஓர் இடம். என்னிடம் ஐம்பது வருடக் கதை இருந்தது. அதில் தேதியும் இல்லை, இடமும் இல்லை. அந்த ஆறு பேரும்கூட இல்லை.

"தெரியாதும்மா" என்றேன். "அவர் எதுவும் சொல்லலை."

செல்லம்மா தலையை ஆட்டினார். துண்டைப் பார்க்க வேண்டும் என்றார். பார்வதி அக்கா எடுத்து மடியில் வைத்தார். கிழவி அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத் தொவைச்சு வெச்சிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். "அக்கா, அந்த ஆறு பேரையும் எதுக்குப் புடிச்சாங்க? இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"உங்க தாத்தாவே சொன்னாரு. சண்டை முடிஞ்சு கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாளு இந்த வாசல்ல வந்து உக்காந்து, எங்க பாட்டிகிட்ட அழுதுகிட்டே சொன்னாராம். அவங்க ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க." பிறகு, நின்றபடியே, மீதியையும் சொன்னார்.

மதியம் 2.00. படகுத்துறைக்குப் போனேன். பட்டர்வொர்த் படகில் ஏறி, அக்கரையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஊழியர் வந்து எழுப்பினார். மறுபடி டிக்கெட் எடுத்து இதே கரைக்கு வந்தேன். எதிரே நிலம் பச்சையாக இருந்தது. அங்கிருந்து வடக்கே சயாம் வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் அந்த லாரி போயிருக்கலாம்.

புதன், மாலை 5.10. மறுபடியும் விமான நிலையம். துண்டு பைக்குள் இருக்கிறது. இந்த முறை யாரும் பையைத் திறக்கவில்லை. திறந்து ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் நாகப்பட்டினத்தில் கடையைத் திறந்ததும் முதல் ஆளே கேட்பான், "என்ன அண்ணே, பதக்கம் குடுத்தாங்களா?" அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

அந்தப் போட்டோ ஸ்டூடியோ ஜப்பான்காரன் ராணுவ உடுப்பில் பினாங்கு மாட்டுக் கொட்டகைக்கு வந்தான். தாத்தாவின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, வெள்ளைக்காரனுக்குச் சயாம் சேதி கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டான். கொடுத்தது ஒருவர், அது தாத்தா. ஏற்றிச் சொன்னால் அவன் எப்போதும்போலப் பாதியாக மடக்குவான், பேச்சு நீளும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று தாத்தா முழுக்கையை அழுத்தி, மேலே ஒரு விரலையும் அழுத்தினார்.

அன்று அவன் பேரம் பேசவில்லை. துண்டை எடுத்து மடித்துத் தாத்தாவின் தோளில் போட்டுவிட்டு, கொட்டகையில் நின்ற ஆறு பேரை எண்ணி லாரியில் ஏற்றினான்.