எடை கூடாத பூச்சு

பாலிஷ் அக்காவுக்குத் தூசி என்றால் ஜென்மப் பகை. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது வீட்டின் பின்னறையில் கார்பன் சைக்கிள் பாகங்களைப் புதுப்பிக்கிறாள். வெயிலில் மஞ்சளாகி உரிந்துபோன மேல்பூச்சைத் தேய்த்து எடுத்து, கண்ணாடி மாதிரி புதுப்பூச்சு அடிக்கும் வேலை. ஸ்பிரே பிடிக்கிற நாளில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, தலையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவாள். அன்றைக்கு அந்தப் பக்கம் தலையணையைத் தட்டினால் புருஷனானாலும் அர்ச்சனை நிச்சயம்.

அவளிடம்தான் கிராம் சார் வந்தார். சைக்கிள் சங்கத் தலைவர். சைக்கிளில் ஒரு கிராம் கூடினால் அவருக்குத் தூக்கம் வராது. வயிற்றில் கூடிய பத்துக் கிலோ மட்டும் ஏனோ கண்ணில் படவில்லை. சீட்டைத் தாங்கும் கார்பன் குழாயை, கையோடு கொண்டுவந்த தராசில் வைத்தார்.

“நூத்தி எம்பத்திரெண்டு. பாத்துக்குங்க. கம்பெனிக்காரன் சொன்னதைவிட அறுபது கிராம் கூட! போன மாசம் நிறுத்தப்பதான் தெரிஞ்சுது. எல்லாம் ஃப்ராடு. நீங்களும் எடையை ஏத்திடாதீங்க, ஒரு கோட் போதும்.”

“ஒரு கோட்டுன்னா ஆறே மாசத்துல உரிஞ்சுடும் சார். ரெண்டு அடிச்சே ஆகணும்.”

“ஒரு கிராம் கூடினாலும் வாங்க மாட்டேன். சங்கத்துலயும் சொல்லிடுவேன்.”

அக்காவின் பாதி வேலை அந்தச் சங்கத்திலிருந்துதான் வருகிறது. ஒரு கோட் அடித்தால் ஆறு மாதத்தில் பேர் கெடும், இரண்டு அடித்தால் இன்றே கெடும். இருதலைக் கொள்ளி எறும்பானாள்.

மறுநாள் குழாயைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். வழிகிற தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை, பூச்சுதான் போகிறது. கறுத்தால் கார்பனையே அரிக்கிறோம் என்று அர்த்தம், உடனே கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் வெள்ளையாகத்தான் ஓடியது. ஆனால் திருப்பிப் பிடித்தபோது உள்ளே ஏதோ நகர்ந்தது. அடியிலிருந்த ரப்பர் அடைப்பைப் பிடுங்கினாள். ஒரு குழந்தையின் காலுறை வந்து விழுந்தது. அதற்குள் தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகள்.

கிராம் சார் வீட்டுக்குப் போன் போட்டாள். அவர் மனைவி எடுத்தார்.

“அம்மா, சாரோட குழாய்க்குள்ள ஒரு சாக்ஸு…”

அந்தப் பக்கம் குரல் சட்டென்று தாழ்ந்தது.

“அவர்கிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லிடாதீங்க, புண்ணியமாப் போகும். நான்தான் போட்டேன்.”

“அறுபது கிராம்ல என்னம்மா ஆகிடப்போகுது?”

“கால்ல ஒண்ணும் ஆகாது, மனசுலதான் ஆகும். எடை கூடிடுச்சுன்னு தெரிஞ்சதுலேர்ந்து, அதை ஈடுகட்டணும்னு ஞாயித்துக்கெழமை இன்னொரு சுத்து சுத்துறாரு. முன்னெல்லாம் ஒம்பது மணிக்கே வந்து உக்காந்துக்கிட்டு பல் சக்கரத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பாரு. இப்ப பதினோரு மணி வரைக்கும் வீடு எனக்கே எனக்கு.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடவே மண்டைக்குள் ஒரு கணக்கும் ஓடியது. தேய்த்ததில் குறைந்தது போக, இரண்டு கோட்டுக்கு ஒன்பது கிராம் கூடும். ஒரு குண்டு மூன்று கிராம்.

“கவலைப்படாதீங்க, மூணே மூணு குண்டை மட்டும் எடுத்துக்கிறேன். மிச்சம் உள்ளயே இருக்கட்டும்.”

வாரக் கடைசியில் கிராம் சார் தராசோடு வந்தார். நூற்று எண்பத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அதேதான்.

“ரெண்டு கோட்டா அடிச்சீங்க?”

“ரெண்டு கோட்டு சார்.”

“அக்கா, உங்க கையில என்னமோ இருக்கு!”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? பத்தே நாளில் சங்கத்துக்காரர்கள் ஆறு பேர் வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு தராசு. எடையே இல்லாத அந்தப் பூச்சுதான் வேண்டுமாம். ஒருவரை ஏமாற்றலாம், ஊரையே எப்படி ஏமாற்றுவது? எலிப்பொறியில் நாமே தலையைக் கொடுத்துவிட்டோமே என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதல் ஆள் குழாயை நீட்டினார்.

“அநியாயம்க்கா. நேத்துதான் நிறுத்துப் பாத்தேன், கம்பெனிக்காரன் சொன்னதைவிட அம்பது கிராம் கூட!”

“எனக்கு எழுவது!” என்றார் பின்னால் நின்றவர்.

அக்கா குழாயை வாங்கி, தூசி பார்ப்பவள் போல முகத்தருகே கொண்டுபோய் மெல்லச் சாய்த்தாள். உள்ளே ஏதோ நகர்ந்தது. அடுத்ததைச் சாய்த்தாள். அதிலும் நகர்ந்தது.

கிராம் சாருக்கு மட்டுமா ஓட்டைவாய்? அவர் வீட்டம்மாவுக்கும்தான்.

“எல்லாத்தையும் வெச்சுட்டுப் போங்க,” என்றாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல். “ஒரு கிராம் கூடாது.”